மூன்று மாதம் இளையவள்

மக்வாலாவின் மூக்கு கழுகு.
என்னுடையது கொழுக்கட்டை.
அவள் குனிந்து நுழையும் வாசலில்
நான் தொப்பியோடு நுழைவேன்.
இருந்தும் குத்தாயிசி நகரத்தில்
முப்பது வருடமாகக் கேட்கிறார்கள்:
இருவரில் யார் அக்கா?

முதல் ஆள் ரொட்டிக்காரன்.
அவன் கேட்கக்கூட இல்லை,
தீர்ப்பே சொல்லிவிட்டான்.

மின்சாரம் இல்லாத குளிர்காலம் அது.
விடியுமுன்னே வரிசை.
உள்ளங்கையில் பேனாவால் எழுதிய எண்.
எனக்கு நூற்றுப் பதினேழு.
பின்னால் நின்ற, பெயர் தெரியாத நெட்டைப் பெண்ணுக்கு
நூற்றுப் பதினெட்டு.
என் பற்கள் தந்தியடித்த சத்தம் பொறுக்காமல்
தன் சால்வையின் ஒரு முனையை
கேட்காமலே என் தோளில் போட்டிருந்தாள்.
அதைப் பார்த்துத்தான் அவன் சொன்னான்:
"ஒரு வீட்டுக்கு ஒரு ரொட்டிதான்.
அக்கா தங்கை ரெண்டு பேரும் ஏமாத்தப் பாக்காதீங்க."

கத்தினோம். இறந்த உறவுகள்மேல் சத்தியம் செய்தோம்.
இருவரும் ஒரே மூச்சில் கத்தியதைக் கேட்டு
வரிசை முழுக்கச் சொன்னது:
குரல்கூட ஒன்றுதான்.

வெள்ளைப் பாலத்தில் நின்று பிய்த்தோம்.
செங்கல் போன்ற ரொட்டி, நடுவில் வேகாத ஈரம்.
பெரிய துண்டை நான் எடுத்துக்கொண்டேன் என்று
இன்றுவரை சொல்கிறாள்.
எடுத்துக்கொண்டேன்தான்.

எங்கள் மொழியில் சகோதரிக்கும் 'தா',
இரண்டு பெயரைச் சேர்க்கவும் 'தா'.
ரொட்டி தா உப்பு. மழை தா காற்று.
லம்ஸீரா தா மக்வாலா.
யார் எங்களைச் சேர்த்துக் கூப்பிட்டாலும்
நடுவில் ஒரு சகோதரி
நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

பத்தூமி கடற்கரைப் புகைப்படக்காரர்
கண்ணைச் சுருக்கிப் பார்த்துக் கேட்டார்:
"ஒரே அப்பாவா?"
"ஆமாம்" என்றாள் மக்வாலா, இமைக்காமல்.
"ரயில் ஓட்டினார். ஊருக்கு ஒரு வீடு."
அன்று பிறந்தார் எங்கள் அப்பா.
வர்லாம் என்று பெயர் வைத்தோம்.
ஈஸ்டருக்கு மறுநாள் எல்லோரும் கல்லறைக்குப் போகையில்
கல்லறையே இல்லாத அந்த மனிதருக்கு
நாங்கள் ரயில் நிலையத்தில் கோப்பை உயர்த்துவோம்.
அவருக்குக் கோபம் அதிகம், கடன் அதிகம்,
மகள்கள்மேல் உயிர்.

போன பிப்ரவரியில்
மருந்துக் கடையில் ஒரு புதுப் பெண்.
ஆறாவது சுற்று ஊசி முடிந்திருந்தது.
மக்வாலாவின் தலையில் கம்பளித் தொப்பி, அடியில் ஒன்றுமில்லை.
அவள் கோட்டுக்குள் இன்னோர் ஆள் தாராளமாக நிற்கலாம்.
அந்தப் பெண் என் பக்கம் சாய்ந்து
மரியாதையாக, குரலைத் தாழ்த்தி,
"அம்மாவுக்கு இதைச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுங்க" என்றாள்.

அம்மா.
என்னைவிட மூன்று மாதம் இளையவள்.

ரொட்டிக்காரனிடம் கத்திய அதே கத்தல்
தொண்டைவரை ஏறி வந்தது.
மக்வாலா என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.
மீதிச் சில்லறையை எண்ணினாள்.
இருபது தெத்ரி குறைகிறது என்றாள்.
அதையும் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாள்.

வெளியே பனி கரைந்த சேறு.
பாலம்வரை பேச்சில்லை.
பாதிப் பாலத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.
கீழே ரியோனி ஆறு
யாரையோ திட்டிக்கொண்டே போனது.
"வர்லாம் கிழவனுக்கு யார் போய்ச் சொல்வது" என்றாள்,
"அவர் மூத்த மகளை
சின்னவள் பெற்றெடுத்த கதையை?"

சிரித்தோம்.
அவளுக்கு இருமல் வந்தது,
எனக்கு வேறொன்று.

வீட்டுக்குப் போகும் வழியில் ரொட்டி வாங்கினோம்.
இப்போதெல்லாம் எத்தனை வேண்டுமானாலும் தருவார்கள்.
ஒன்று போதும் என்றேன்.
மேசையில் பிய்த்து
பெரிய துண்டை அவள் தட்டில் வைத்தேன்.
அதில் பாதியைக்கூட அவளால் தின்ன முடியாது.
இருந்தும் கையில் தூக்கி,
தராசுக்காரி போல ஒரு கண்ணை மூடி எடை பார்த்து
"இன்னும் பாக்கி இருக்கிறது" என்றாள்.